ரோமாபுரி ராணிக்குச் சட்டம் போட்டவர்

கோமதிநாயகம் அண்ணாச்சி இறந்த செய்தி கைபேசியில் வந்தது. பழைய மாணவி ஒருத்தி அனுப்பியிருந்தாள். கண்ணீர் அஞ்சலி அட்டையில் அவருக்கு யாரோ கணினியில் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். ஆயுளில் கைலியையும் பனியனையும் தாண்டாத மனிதர். பின்னால் நீல வானம், இரண்டு புறா. பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். செத்த பிறகும் இவர் ஒரு பொய்ப் படமாகத்தான் வந்து நிற்கிறார் என்று நினைத்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடும் கடையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர் அவர். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இறந்தவரின் நற்குணங்களை எழுதுவது முறை. நான் அறிந்தவரை அவரிடம் இருந்த ஒரே குணம் பொய். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது என்பார். பின்னால் அட்டையும் ஆணியும்தான் இருந்தன. மற்றதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவை.

நான் முதன்முதலாக அவர் கடைக்குப் போனது ஓர் அந்தோணியார் படத்துடன். கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று கேட்டு வரைந்தது. அந்த வீட்டு அம்மா படத்தை வாங்கிப்போக வந்தபோது அண்ணாச்சி தொடங்கினார்.

"இத வரையுறதுக்கு முந்தி டீச்சர் மூணு நாள் பட்டினி. நாலாம் நாள் விடியக்காலம் புனிதரே கனவுல வந்து, எம் மூக்க இப்படி வையின்னு சொல்லிருக்காரு."

அந்த மூன்று நாளும் நான் பரோட்டா தின்றேன். மூக்கு எங்கள் பள்ளி வாட்ச்மேனுடையது. அந்த அம்மா என் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். நான் வரைந்த வெளிச்சத்தை, அந்த அங்கியின் மடிப்பை அவர் பார்க்கவே இல்லை. கனவில் வந்த மூக்கைப் பார்த்தார்.

அடுத்தது உருவப்படம். கூமாப்பட்டி விவசாயி ஒருவர் இறந்ததும் அவருடைய மகன்கள் இருவரும் சேர்ந்து என்னை வரையச் சொன்னார்கள். நிலத்தைப் பிரிப்பதில் சண்டை வந்தது. அப்பா யார் பங்கு என்று முடிவாகாமல் இருவருமே வாங்க வரவில்லை. தலைப்பாகையும் மீசையுமாக அந்த மனிதர் இரண்டு ஆண்டுகள் கடைச் சுவரில் தொங்கினார். ஒருநாள் காணோம். விசாரித்தால், ராஜபாளையத்தில் புதிதாக மாளிகை கட்டிய ஒருவர் கொண்டுபோய்விட்டாராம். மலையடிவாரத்து ஜமீன்தார் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். வாங்கியவர் ஒருபடி மேலே போய், அவர் தன் கொள்ளுத் தாத்தா என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சி முதுகு வளைந்த மனிதருக்கு அங்கே சந்தன மாலை.

"இது அநியாயம் அண்ணாச்சி" என்றேன்.

"செத்தவருக்கு ஒரு வீடு கெடச்சுது. வீட்டுக்காரருக்கு ஒரு தாத்தா கெடச்சாரு. யாருக்கு என்ன நட்டம் டீச்சர்?"

ஊரைப் பற்றிய படத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. காலையில் மில் வேனிலிருந்து இறங்கும் பெண்களை நான் பல நாள் நின்று பார்த்து வரைந்திருந்தேன். தலையில் ஒட்டிய பஞ்சு, கையில் தூக்குவாளி, டீக்கடையின் ஆவி. அதைக் கல்கத்தா என்று சொல்லி ஒரு டாக்டருக்குக் கொடுத்துவிட்டார். டாக்டரின் மருத்துவமனை அந்த டீக்கடைக்கு எதிரில்தான். தினமும் அந்தப் பெண்களைத் தாண்டித்தான் அவர் உள்ளே போவார். கேட்டதற்கு அண்ணாச்சி சொன்ன பதில்: "நம்ம ஊர யாரு வாங்குவா டீச்சர்? தெனம் சும்மாதான பாக்கான்."

படம் வாங்குகிறவர்களை நான் வெறுக்கக் கற்றுக்கொண்டது அந்தக் கடையில்தான். கண்ணை வீட்டில் வைத்துவிட்டுக் காதோடு படம் பார்க்க வருகிறவர்கள். அவர்களுக்குத் தீனி போட்டவர் இவர். எண்ணெய் வண்ணப் படத்துக்கும் விடாப்பிடியாகக் கண்ணாடி போடுவார். வேண்டாம் என்றால், படிந்த தூசிக்குக் கதை சொல்ல எனக்குத் தெரியாது என்பார். இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டு அவரிடமே திரும்பத் திரும்பப் போன என்னையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. மாடி வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள். வாழ்க்கையில் ஒரு படமாவது யாரும் கேட்காமல், யாருக்கும் பயப்படாமல் வரைய வேண்டும் என்று தோன்றியது. கோடை விடுமுறையில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, பீரோக் கண்ணாடியின் முன் அமர்ந்து என்னையே வரைந்தேன். உடை இல்லாமல். அவிழ்ந்த தலைமயிர், மடித்த முழங்கால், ஒரு பக்கம் திரும்பிய முகம். வியர்வை வழிய முப்பது நாள் வரைந்தேன். நான் ஓவியர்தான் என்று எனக்கே நம்பிக்கை வந்தது அந்தப் படத்தில்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சட்டம் போடக் கொடுத்தால் அன்று மாலையே ஊர் சிரிக்கும் என்று ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனேன். உள்ளறையில் வைத்து வேலை செய்யும்படி சொல்லியிருந்தேன். வாங்கப் போன அன்று படம் கடை மேசை மேல் விரிந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரியவில்லையாம். நான் அதைத் திருப்பி வைப்பதற்குள் எங்கள் பள்ளியின் தாளாளர் படியேறி வந்தார். தன் தந்தையார் படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்திருந்தார்.

பதினோரு ஆண்டுகள் என் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டவர். தலைமுடியைப் பின்னாமல் வந்த ஆசிரியையை வேலையைவிட்டு நிறுத்தியவர். அவர் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் பார்த்த இடங்களில் முகம் இல்லை. அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"யாரு நாயகம் இது?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர் வரைஞ்சதா?"

என் வேலை, வாடகை வீடு, ஊரில் நான் தலைநிமிர்ந்து நடப்பது எல்லாம் அந்த நிமிடத்தில் போய்விட்டது என்றே நினைத்தேன். அண்ணாச்சி கைத்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர் காப்பி எடுத்ததுங்கய்யா. ஒரிஜினல் ரோமாபுரில இருக்கு. நானூறு வருசத்துப் படம். அந்த ஊரு ராணி, இருக்கிற சொத்தெல்லாம் ஏழைகளுக்குக் குடுத்துட்டு, கடைசில உடுத்தியிருந்ததையும் ஒரு பிச்சைக்காரிக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்கா. பொறவு புனிதையாயிட்டா."

தாளாளர் குனிந்தார். "கைல என்ன தழும்பு?"

அது நான் குழந்தையாக இருந்தபோது அம்மைக்குக் குத்திய ஊசியின் தழும்பு. நானூறு ஆண்டுக்கு முந்தைய ராணியின் கையில்.

"விலங்கு பூட்டுன தழும்புங்கய்யா. ராஜா ஜெயில்ல போட்டுட்டான்."

தாளாளர் செருப்பைக் கழற்றினார். இரண்டடி பின்னால் போய்க் கைகூப்பினார். என் நிர்வாணத்தின் முன் கண்களை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "அப்படித்தானா டீச்சர்?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"இத நம்ம வீட்டுக்கு அனுப்பிருங்க" என்றார்.

"டீச்சர் மெட்ராஸுக்கு அனுப்ப வச்சிருக்குங்கய்யா" என்று அண்ணாச்சி இழுத்தார்.

"காப்பிதான? அவங்களுக்கு இன்னொண்ணு எடுத்துக் குடுக்கட்டும்."

அதற்கு அவரிடமும் கதை இல்லை. தாளாளர் போன பிறகு, "காப்பின்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வேற என்ன சொல்லட்டும் டீச்சர்? நீங்க சொல்லுங்க, நான் சொல்லுதேன்."

வேலை தப்பித்தது, படம் போயிற்று. சென்னைக்கு ஒன்றும் அனுப்பவில்லை. மறுபடி அப்படி வரைய உட்கார்ந்தபோதெல்லாம் கை வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் அந்தக் கடைப் படியை நான் மிதிக்கவில்லை. தாளாளர் வீட்டுக் கூடத்தில் என் படத்துக்குக் கண்ணாடி மேல் குங்குமம் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஓய்வுபெறும் விழாவில்கூடத் தாளாளர் என்னைப் பாராட்டினார், ரோமாபுரி ராணியை அச்சு அசலாகக் காப்பி எடுத்தவர் என்று.

இடையில் ஒரே ஒருமுறை அண்ணாச்சியைப் பார்த்தேன். புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைப் பார்க்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் யாருக்கோ ஏதோ படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பியவர் என்னைக் கண்டதும் பாதியில் நிறுத்திவிட்டார். "பொறவு என்னாச்சு?" என்று அந்த ஆள் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் கண்டால் பொய் வராது போலிருக்கிறது என்று இகழ்ச்சியாக நினைத்துக்கொண்டு படியேறினேன்.

சாவு வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று பேருந்து ராஜபாளையத்துக்குள் நுழைந்த பிறகும் எனக்குத் தெரியவில்லை. பந்தலில் தாளாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, அண்ணாச்சி தனக்குத் தேடித்தந்த புனிதையின் பெருமையைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ராணி வந்த பிறகுதான் அவருக்கு இரண்டாவது மில் அமைந்ததாம். எனக்குப் பொறுக்கவில்லை. இனி என்னை வேலையைவிட்டு நிறுத்த யாராலும் முடியாது.

"ஐயா, அது ராணி இல்ல. நான்தான். என்னப் பாத்து நானே வரைஞ்சது. காப்பி இல்ல" என்றேன்.

தாளாளர் என் நரைத்த தலையையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்தார். இப்போதுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்க்கிறார் என்று தோன்றியது. பார்த்தும் பயனில்லை.

"துக்கத்துல டீச்சருக்கு என்னமோ பண்ணுது. ஏலே, ஒரு காப்பி வாங்கிட்டு வா" என்றார்.

உள்ளே இருந்து அண்ணாச்சியின் மனைவி செண்பகம் மதினி வந்து என் கையைப் பிடித்து ஐஸ் பெட்டி அருகே கூட்டிப்போனார்.

"எங்கிட்ட ஒருநாளும் நெசத்தச் சொன்னதில்ல டீச்சர். பொண்ணு பாக்க வந்தப்பவே மெட்ராஸ்ல பங்களா இருக்குன்னு சொன்ன ஆளு. அந்தப் படம் போன அன்னைக்கு மட்டும் வந்து சோறு வேண்டாம்னுட்டாவ. 'டீச்சர் தன்னையே வரைஞ்சிருக்கு செண்பகம். அம்புட்டு நல்ல படம் எங்கடைக்கு வந்ததே இல்ல. அதப் போயி காப்பின்னு சொல்லிட்டேன்'னு சொன்னாவ. அந்தப் பெரியவர் கடைக்கு வரும்போதெல்லாம், சட்டம் செல்லரிக்கும், குடுங்க மாத்தித் தாரேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. உங்ககிட்ட சேக்கணும்னு. அவரு விடல."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்த ஒரே மனிதரை நான் பொய்யர் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தேன். தாளாளர் அருகே குனிந்தேன்.

"ஐயா, மனசு சரியில்லாம ஏதோ பேசிட்டேன். ஆனா ஒண்ணு. புனிதை படத்துக்குச் சட்டம் போட்டவர் செத்துட்டா, அந்தச் சட்டத்தோட படம் வீட்டுல இருந்தா தீட்டுன்னு ரோமாபுரில ஒரு ஐதீகம் உண்டு. காப்பி எடுத்தவங்க கையாலதான் கழட்டணும். மூணு நாளைக்குள்ள."

"தொழிலுக்கு ஆகாதோ?"

"ஆகாதுன்னுதான் அண்ணாச்சி சொல்லுவாரு."

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தாளாளரின் கார் படத்தை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று. உண்மையைச் சொன்னபோது காப்பி வந்தது. பொய்யைச் சொன்னபோது படம் வந்தது. இனி அது திரும்பிப் போகாது. தாளாளர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

நானே ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தைக் கழற்றினேன். கண்ணாடிக்குள்ளும் வண்ணங்கள் கொஞ்சம் மங்கியிருந்தன. சட்டத்தின் மரம் மூடியிருந்த ஓரத்தில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்கு அன்று வரைந்தது போலவே பளிச்சென்று இருந்தது. அந்த இடத்தில் நான் எழுதிய என் பெயர் முழுசாக இருந்தது. அதன் மேல் பிசின் படாமல் இருக்க அண்ணாச்சி ஒரு மெல்லிய வெண்தாளை வெட்டி வைத்திருந்தார்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. படத்தில் இருப்பது நான்தான்.