அக்கினி மூலை அடுப்போடு அக்குறணையிலிருந்து புசல்லாவை வரை

போன மழைக்காலத்தில் புசல்லாவை மெயின் ரோட்டில் இருந்த என் ரொட்டிக்கடை மேல் மண்மேடு சரிந்து விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரையும் மேசையும் போயின. அந்த இடத்தில் மறுபடி கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, மண் வந்தால் நகர்ந்துகொள்கிற கடையாகவே செய்துகொள்வோம் என்று, கையில் இருந்ததை எல்லாம் போட்டு, அக்குறணையில் இரும்பு வேலை செய்யும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் டயர் பூட்டிய கடைப் பெட்டி ஒன்றுக்குச் சொன்னேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதை இழுத்துவந்தோம். அது கவிழ்ந்தால் எனக்கு வேறு கடை இல்லை. மலைரோட்டில் இப்படி ஒரு பெட்டியை இழுக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கண்டி, பேராதனை, கம்பளை, பிறகு ஏற்றம். கம்பளையில் இருக்கும் என் கொழுந்தன் செல்லையாவிடம் பெரிய டபுள் கேப் வாகனம் இருக்கிறது. பின்னால் கொக்கியும் உண்டு. அவரிடம் நான் கேட்கவில்லை. என் மகள் கல்யாணத்தன்று பெண்ணை அழைத்துப்போக வண்டி அனுப்புகிறேன் என்றவர், அனுப்பவில்லை. மணப்பெண்ணை நுவரெலியா பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிப்போனேன். அவள் தலையில் வைத்த பூச்சரம் ஒரு பக்கம் நசுங்கிப்போனது. இடது பக்கம்.

ஆகவே மருமகன் யோகன் தன் கூட்டாளியின் சின்ன வேனுக்கு ஒரு கொக்கி பூட்டிக்கொண்டு வந்தார். பத்தரைக்கு அக்குறணை போய்ச் சேர்ந்தோம். அது ராகுகாலம் தொடங்குகிற நேரம். பன்னிரண்டுவரை புறப்பட முடியாது. அதற்குள் நானா வெறும் பெட்டியை வேனில் மாட்டி, பாதி தண்ணீர் உள்ள போத்தல் ஒன்றைப் பெட்டித் தரையில் படுக்கவைத்தார். உள்ளே இருந்த காற்றுக்குமிழி நடுவில் நின்றது.

“பெட்டி இப்பிடி மட்டமா ஈக்கணும் அம்மா. மூக்குத் தூக்கினாலும் ஆகாது, குத்தினாலும் ஆகாது. ஏத்துற பாரத்துல பத்துல ஒரு பங்கு கொக்கி மேல வரணும். வெறும் பெட்டிக்கு இந்த வேன் போதும், சாமான் ஏத்தினா இது சின்னது. நில்லுங்க, ஜும்ஆ தொழுகை முடிச்சிட்டு வந்து நானே ஏத்தித் தாரேன்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

நான் நிற்கவில்லை. ராகுகாலம் முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை, புதுக்கடை ஊருக்கு வர நல்ல நாள். அங்கே வாங்கிவைத்திருந்த சாமான்களை நாங்களே ஏற்றினோம். புசல்லாவையில் பெட்டி நிற்கப்போகும் இடத்தை மனதில் வைத்துப் பார்த்தால், தென்கிழக்கு, அதாவது அடுப்பு இருக்கவேண்டிய அக்கினி மூலை, பெட்டியின் பின்பக்கம் வந்தது. அடுப்பு, இரண்டு கேஸ் சிலிண்டர், ரொட்டி போடும் இரும்புத் தட்டு, கிரைண்டர் எல்லாவற்றையும் அங்கேயே அடுக்கிக் கட்டினோம்.

கண்டி நெரிசலில் ஊர்ந்து போனவரை ஒன்றும் தெரியவில்லை. பேராதனை தாண்டி ரோடு கொஞ்சம் நேரானதும் ஒரு பஸ் எங்களை முந்தியது. அந்தக் காற்றுக்குப் பெட்டி வாலாட்ட ஆரம்பித்தது. பிறகு வேனும் சேர்ந்து ஆடியது.

“மாமி, ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது.”

“பிரேக்க அமுத்திராதீங்க மாப்பிள்ளை. வேகத்த மெல்ல மெல்லக் கொறச்சுட்டு வாங்க.”

கெலிஓயாவுக்குக் கிட்ட ஓரங்கட்டினோம். இறங்கிப் பார்த்தால் பெட்டியின் பின்பக்கம் தரையைப் பார்க்கிறது, மூக்கு வேனின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. பாரத்தை எல்லாம் டயருக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும் என்றார் யோகன்.

“அடுப்ப எடுத்தா அக்கினி மூலை போயிருமே.”

“கண்டியில இருந்து எத்தனை வளைவு திரும்பிட்டோம் மாமி? தென்கிழக்கு இப்ப டிரைவர் சீட்ல இருக்கும்.”

அடுப்பைக் கட்டிய கயிற்றை நானே அவிழ்த்தேன். மாற்றினோம். ஆட்டம் நின்றது. ஆனால் இப்போது வேனின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் லேசாகிவிட்டது. நானா சொன்ன “சின்னது” என்ற சொல் அப்போதுதான் புரிந்தது. கம்பளை தாண்டி முதல் ஏற்றத்தில் கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது. வேன் நின்று, ஒரு முழம் பின்னால் உருண்டது. நான் குதித்து இறங்கி டயருக்குக் கல் வைத்தேன். பக்கத்தில் பள்ளம்.

யோகன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “சின்ன மாமாவக் கூப்பிடட்டுமா?”

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றுதான் அதற்குப் பச்சை வர்ணம் அடித்து முடித்திருந்தார்கள்.

“கூப்பிடுங்க. நான் பேசமாட்டேன்னும் சொல்லிருங்க.”

செல்லையா உடனே வந்துவிட்டார். இறங்கியதும் முதல் பேச்சே, “அண்ணி, அன்னைக்கு டயர் பஞ்சர்.”

“நாலுமா?”

அவர் வண்டிக்கு அடியில் குனிந்தார். அவருடைய வாகனம் பாரமானது, ஏற்றத்துக்குத் திணறாது. ஆனால் அதன் கொக்கி பெட்டிக்கு வேண்டியதைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அப்படியே மாட்டினால் மூக்குத் தூக்கும். கொக்கி பூட்டிய வளைந்த இரும்பைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினார். பெட்டியின் மூக்கு உட்காருகிற இரும்புக் குண்டை மட்டும் மறுபடி மேல்பார்க்கப் பூட்டினார். உயரம் இறங்கியது. நான் தண்ணீர்ப் போத்தலைப் பெட்டிக்குள் படுக்கவைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. கொக்கி விட்டாலும் பெட்டி ஓடிவிடாமல் குறுக்கே சங்கிலி கட்டி, பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்பட்டோம். புசல்லாவைவரை பெட்டி ஆடவே இல்லை.

பெட்டியை நிறுத்தி, முட்டுக் கொடுத்து, அடுப்பை அதன் மூலைக்குக் கொண்டுபோனோம். கடை திறக்கிற சடங்குக்குப் பால் காய்ச்சினோம். பால் கிழக்கே பொங்கி வழியும் என்று எல்லாரும் பார்த்திருந்தோம். அது நாலு பக்கமும் ஒன்றாக வழிந்தது. “மட்டமா நிக்குதுல்ல அண்ணி, அதான்” என்றார் செல்லையா. முதல் தேத்தண்ணியை அவருக்குத்தான் கொடுத்தேன். வண்டி கொண்டுவந்தவருக்குக் கொடுப்பது முறை.

இழுக்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். சாமான் ஏற்றிய பெட்டியை விட இழுக்கும் வாகனம் பாரமாக இருக்க வேண்டும். வெறும் பெட்டியை மாட்டி மட்டம் பார்த்தால் போதாது, ஏற்றிய பிறகும் பாருங்கள். பாரம் முன்பக்கம் சற்றுக் கூடியிருக்கட்டும், மூலை பார்ப்பதை ஊர் போய்ச் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். செய்தவர் தொழுகைக்குப் போயிருந்தால் வரும்வரை நில்லுங்கள். பொருத்தமான வண்டி வேண்டாதவரிடம்தான் இருக்கிறது என்றால் அவரிடமே கேளுங்கள். கேட்பதால் பழையது அழிந்துபோகாது. செல்லையா இப்போது வாரத்துக்கு ஒருமுறை வந்து ரொட்டி சாப்பிடுகிறார், நானும் சூடாகவே போடுகிறேன். பூச்சரம் நசுங்கியது இடது பக்கம்தான்.