எடுக்கப்போகும் கால்

பயிற்சி மருத்துவர்களுக்கு நோயாளியிடம் பேசக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பேசுவதற்குக்கூடவா ஒரு வகுப்பு என்கிற முகத்தோடுதான் வந்து உட்காருவார்கள். தையல் போடத் தெரியும், கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரத்தான் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருவண்ணாமலையில் இவர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. பௌர்ணமி முடிந்ததும், வெறுங்காலில் மலை சுற்றிய சர்க்கரை நோயாளிகள் பாதப் புண்ணோடு வந்து சேருவார்கள். உடனே என் வகுப்புப் பிள்ளைகள் வைத்தியத்தை விட்டுவிட்டு விசாரணையில் இறங்கிவிடுவார்கள்.

"சுகர் இருக்குன்னு தெரியும்ல? செருப்பு போடாம யாரு உங்கள நடக்கச் சொன்னது?"

சென்ற ஆண்டு அப்படி வந்தவர் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் இஸ்திரிக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். அழுகல் கணுக்காலைத் தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிர் தங்காது. அவரோ ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். மகன் கெஞ்சிப் பார்த்தான். ரவுண்ட்ஸில் வந்த டாக்டர்களோ, "உயிர் வேணுமா, கால் வேணுமா?" என்று ஆளாளுக்கு மிரட்டினார்கள். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணை அவரிடம் அனுப்பிவிட்டு, சற்றுத் தள்ளி நின்றேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஐயா, ஆபரேஷன்னு சொன்னதுல உங்களுக்கு எது ஜாஸ்தி கஷ்டமா இருக்கு?"

ஸ்டூலை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள். புண்ணின் வாடை நான் நின்ற இடம்வரை வந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. அந்தச் சின்னப் பெண்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

வெகுநேரம் கழித்துப் போர்வை விலகியது.

"எடுத்த கால இன்னா பண்ணுவீங்க?"

என் பாடத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதுமில்லை.

"எனக்குத் தெரியலைங்கய்யா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்து போனாள். அறுவை சிகிச்சைப் பிரிவில் விசாரித்துவிட்டு வந்து, மறுபடியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடுத்தா வீட்டுக்காரங்ககிட்டயே குடுப்பாங்களாம். கொண்டுபோய் அடக்கம் பண்ணிக்கலாம்."

பெரியவர் உடைந்துபோய் அழுதார். "எத்தினி பௌர்ணமி என்னத் தூக்கினு சுத்துன காலும்மா அது. குப்பையில போட்டுடுவீங்கன்னு நெனச்சினு இருந்தேன்." எனக்கும் அழுகை வந்தது. அடக்கவில்லை.

கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "நீயே வாங்கி எம்மவன் கையில குடு, டாக்டரம்மா."

மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. துணியில் சுற்றியதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவள் வெளியே வந்தாள். மகன் ஒரு கையை நீட்டினான்.

"ரெண்டு கையாலயும் வாங்கிக்கோங்கண்ணா" என்றாள். "கனமா இருக்கும்."