மணவறையில் சொன்ன ராப்

காலையில் ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரத்துக்கு வேலைக்குப் போகும் வழியில், காரில் தமிழ்ப் பெட்டைகளின் ராப் கேட்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். நல்ல கோபமாக, யாரையும் கேட்காமல், மூச்சு விடாமல் சொல்கிறார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது நானும் சேர்ந்து வாயசைப்பேன். பக்கத்துக் காரில் இருப்பவர் என்னை விசரி என்று நினைத்தால் நினைக்கட்டும். உண்மையைச் சொன்னால் சந்தோசத்தோடு கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் யாரும் "நீ கோரஸ் மட்டும் பாடு" என்று சொன்னதாகத் தெரியவில்லை.

எனக்குச் சொன்னார்கள். சொன்னது பெரியம்மாவின் மகன், என் அண்ணன். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் நாங்கள் ஏழாம் மாடி, அவர்கள் நான்காம் மாடி. பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணனும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் பெரியம்மா வீட்டு அலுமாரிக்குள் போய்விடுவார்கள். குளிர்கால கோட்டுகள் தொங்கும் பெரிய அலுமாரி அது. கோட்டுகளுக்கு நடுவில் நின்று சொன்னால் குரல் எதிரொலிக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உள்ளே வியர்த்து ஊற்றும். நாப்தலின் மணம் மூக்கைத் துளைக்கும். அதுதான் எங்கள் ஸ்டூடியோ.

சட்டம் எளிமையானது. பெடியன்கள் ராப் சொல்வார்கள். நடுநடுவே நான் மூக்கால் இழைத்து நாலு தரம் "ஓ... ஓ..." என்று பாட வேண்டும். பிறகு பெரியம்மா தரும் றோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் அந்த மூன்று வீரர்களுக்கும் தமிழில் இரண்டு வரி எழுத வராது. எனக்கு வரும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, பேச்சுப்போட்டி என்று அம்மா என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு திரிந்ததில், என் வாய்க்குள் தமிழ் நிறையக் கிடந்தது. அதனால் வரிகளை நான் எழுதுவேன், அண்ணன் சொல்வான். பொருள் விளங்காவிட்டாலும் ஓசையைப் பிடித்துக்கொள்வான்.

ஒருநாள் கேட்டேன். "அண்ணா, இதை நானே சொல்லட்டே?"

"உனக்கென்ன விசரே? கேர்ள்ஸ் ராப் சொன்னா சிரிப்பினம். யூ சிங் தி கோரஸ், ஓகே?"

அப்போது பின்னேரங்களில் தொலைக்காட்சியில் அமெரிக்கப் பாட்டுகள் போகும். முக்கால்வாசிப் பாட்டில் பெண்கள் காரில் சாய்ந்து நின்று இடுப்பை ஆட்டுவார்கள். ஒரே ஒருத்தி மட்டும் தொளதொள கோட்டைப் போட்டுக்கொண்டு, நேரே கமராவைப் பார்த்துச் சிரிக்காமல் சொல்வாள். அவள் சொல்வதில் பாதி எனக்கு விளங்காது. அந்தச் சிரிக்காத முகத்துக்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன்.

பிறகு நான் பெரியபிள்ளையானேன். அது நடந்தது பனிக்காலத்தில். பூப்புச் சடங்குக்கு மண்டபம் கிடைத்தது கோடையில். ரொறன்ரோவில் மண்டபக்காரர் சொல்லும் நாள்தான் நல்ல நாள். நாங்கள் வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் இருந்து வந்தவர்கள். இருந்தாலும் சாமத்தியவீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. சுவாமியார் வந்து செபம் சொன்னார். அதன் பிறகு பல்லக்கு, புகை, பூ எல்லாம் வந்தன.

பெடியன்கள் மூவரும் அன்றைக்கு ஒரு ராப் செய்வதாக ஏற்பாடு. வரிகள் என்னுடையவை. அம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன். அம்மா பிஸ்கற் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். விடியுமுன்னே பஸ்ஸுக்குப் போய்விடுவார். நான் அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"இதை எழுதினது தங்கச்சி எண்டு மைக்கில சொல்லுவியே?"

"ஓம், ஓம், சொல்லுறன்."

சொல்வான் என்று நம்பினேன். அதற்காகவே அந்தப் பாரமான சேலையையும், முதுகை இழுக்கும் பொய்ச் சடையையும், நெற்றியில் குத்தும் நகைகளையும் பொறுத்துக்கொண்டேன். என்னைப் பல்லக்கில் தூக்கி வந்ததும் அந்த மூவர்தான். கல்யாணத்துக்குப் போலவே சோடித்த மணவறையில் உட்கார்த்திவைத்தார்கள். வீடியோ எடுக்கும் அண்ணை விடவில்லை. "பிள்ளை, சிரியுங்கோ. கொஞ்சம் குனியுங்கோ. வெக்கப்படுங்கோ பாப்பம்." நான் சிரித்தேன், குனிந்தேன். வெட்கம் மட்டும் வரவில்லை.

சாப்பாட்டுக்கு முன் அண்ணன் மைக்கைப் பிடித்தான். "இது நாங்கள் எழுதின பாட்டு" என்றான். நாங்களாம்! என் காது சூடாகியது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. கோபத்தில் கண் நிறைந்தது. முன்வரிசை அன்ரிமார் அதைப் பார்த்து, "பாவம், பிள்ளை உணர்ச்சிவசப்பட்டிட்டுது" என்றார்கள்.

தாளம் தொடங்கியது. அண்ணன் முதல் வரியைச் சொன்னான். அம்மா பஸ்ஸுக்கு நிற்கிறார். இரண்டாவது வரி வரவில்லை. திரும்பவும் முதல் வரி. மூன்றாம் தரமும் அதே வரி. அம்மா பஸ்ஸுக்கு நின்றுகொண்டே இருந்தார். பொருள் தெரிந்தவனுக்கு அடுத்து என்ன என்று ஊகிக்கவாவது முடியும். அவனுக்கு அது வெறும் ஓசை. கூட்டாளிகள் இருவரும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் எழுந்தேன். யோசித்துச் செய்ததல்ல. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணனிடமிருந்து மைக்கை வாங்கினேன். பறித்தேன் என்பதுதான் சரி.

காலமை இருட்டுக்க அம்மா பஸ்ஸுக்கு நிக்கிறா,
கையுறைக்குள்ள விரலை மடிச்சு வெக்கிறா,
லிப்ட் வேலை செய்யாட்டி படியில ஏறுறா,
ஆரும் கேட்டால் சுகமெண்டு சிரிச்சுக் கூறுறா.

எங்கள் வீட்டில் யாரும் "கூறுறா" என்று பேசுவதில்லை. ஒத்து வரவேண்டும் என்பதற்காகத் தமிழ் வகுப்பிலிருந்து கொண்டுவந்து ஒட்டினேன். நான் சிரிக்கவில்லை, குனியவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "இது நான் எழுதினது" என்றேன். பின்வரிசைப் பிள்ளைகள் கூக்குரல் போட்டார்கள். பெரியவர்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா தன் கூறைச்சேலையின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சடையைக் கழற்றிக்கொண்டே வெடித்தார். "உன்ர சாமத்தியவீட்டில என்ர பஸ்ஸை ஏன் சனத்துக்கு முன்னால இழுத்தனி? நான் படியில ஏறுறது ஊருக்கு என்னத்துக்கு?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. மண்டபம் நிறையச் சனம் கேட்டுவிட்டது, வீடியோவிலும் இருக்கும். அதைப் போட்டுப் போட்டுக் கேட்கலாம். அலுமாரிக்குள் இருக்கும் மூவரையும் கூப்பிட்டுக் காட்டலாம்.

வீடியோ வந்தது. குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். பல்லக்கு வந்தது, அதற்கு ஒரு சினிமாப் பாட்டு. சுவாமியார் வந்தார், அவருக்கும் ஒரு பாட்டு. இங்கே வீடியோக்காரர் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், மண்டபச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுகளால் நிரப்பிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் என் நாலு வரிக்கும் அதைச் செய்வார்கள் என்று தோன்றவேயில்லை. திரையில் நான் மைக்கோடு நிற்கிறேன். வாய் அசைகிறது. வருவதோ யாரோ ஒரு பாடகியின் தேன் குரல், காதலனைத் தேடி உருகுகிறது. அப்பா சிரித்துவிட்டார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். அவ்வளவு அழுகை அதற்குப் பிறகு எந்தப் பெடியனுக்காகவும் நான் அழவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு, விழாவுக்கு வரமுடியாமல் போன மாமி மிசிசாகாவிலிருந்து வந்தார். வீட்டுக்கு வருபவர்களுக்குத் தேத்தண்ணியோடு வீடியோவும் காட்டுவது வழக்கம். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அந்தக் காதல் பாட்டு தொடங்கும் சத்தம் கேட்டது. உடனே வீடு அமைதியானது. எட்டிப் பார்த்தேன். அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தியிருந்தார்.

"உதில பாட்டு ஒண்டும் இல்லை, மச்சாள். உது இவள் எழுதினது. சொல்லுறன், கேளுங்கோ" என்றார்.

செபமாலை சொல்லும் அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், நாலு வரியையும் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. எப்போது பாடமாக்கினார் என்று எனக்குத் தெரியாது.

சொல்லி முடித்துவிட்டு, சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்த என்னைத் திரையில் பார்த்தபடி, "உந்த அம்மா நான்தான்" என்றார்.