இரண்டாவது பஞ்சு மூட்டை

தம்பி பிறந்ததால் எனக்கு முதலில் பறிபோனது ஒரு சோப்பு டப்பா. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வரும் பெண்ணுக்கு ரோஸ் நிற சோப்பு டப்பா என்று டீச்சர் முன்கூட்டியே காட்டிவிட்டார். அது எனக்குத்தான் என்பதில் எனக்கோ அப்பாவுக்கோ சந்தேகமே இல்லை. மாமல்லபுரத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் மணல் ஆரம்பித்துவிடும். அப்பா தினமும் காலையில் என்னை அங்கே அழைத்துப்போய், ஒரு கட்டுமரத்திலிருந்து இன்னொரு கட்டுமரம்வரை ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வார். அப்புறம் அவரும் என்னோடு ஓடுவார். அதன் பிறகுதான் குளித்துவிட்டு, கல்பாக்கத்தில் அணு உலை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு ஸ்டோர் கிளார்க் வேலைக்குப் புறப்படுவார். அந்த ஒரு மணி நேரம் அப்பா முழுக்க முழுக்க என்னுடையவர். எனக்கு அப்போது ஒன்பது வயது.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. அம்மாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கும் என்னைக் கருங்குழியில் சித்தி வீட்டுக்கும் ஒரே நாளில் அனுப்பினார்கள். இரண்டு மாதம் சித்தி வீட்டில் இருந்தேன். சோப்பு டப்பா, ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து சேரும் ஒருத்திக்குப் போய்விட்டது. நான் திரும்பி வந்ததும் அவள் அதைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து திறந்து காட்டினாள்.

வீட்டில் தம்பி இருந்தான். உரித்த முந்திரிப்பழத்துக்குக் கை கால் முளைத்த மாதிரி இருந்தான். ஊரே அவனைப் பார்க்க வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அம்மா அதே கதையைச் சொல்வாள். பிறக்கும்போது ஒன்றேகால் கிலோதானாம். உடம்பு முழுக்கப் பஞ்சைச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, மேலே பல்பு எரியவிட்டுச் சூடு காட்டினார்களாம். நர்ஸுகள் இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டார்களாம். பஞ்சு போதாதபோதெல்லாம் அப்பா கடைத்தெருவுக்கும் வார்டுக்கும் மழையில் ஓடி ஓடி வாங்கி வந்தாராம். கதை ஒரு இடத்துக்கு வரும்போது மட்டும் அம்மா என் பக்கம் திரும்பி, "போய் தண்ணி கொண்டா" என்பாள். நான் சொம்போடு வருவதற்குள் கதை வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் மூன்றரை கிலோ இருந்தேனாம், சொன்ன தேதியில், இதே வீட்டில், ஒருவரையும் ஓடவிடாமல் பிறந்தேனாம். ஒழுங்காகப் பிறந்ததற்குக் கிடைத்த மரியாதை இதுதான். அவனுக்கோ அம்மா தைத்து வைத்திருந்த சட்டைகள்கூட எல்லாமே ஜோடி ஜோடியாக இருந்தன. பூப்போட்டது இரண்டு, கோடு போட்டது இரண்டு. ஒரே மாதிரி இரண்டு சட்டை எனக்கு எந்தத் தீபாவளிக்கும் வந்ததில்லை. அப்பா கடற்கரைக்கு என்னை அழைப்பதையும் நிறுத்திவிட்டார். "தம்பி தூங்கறான், கதவ சத்தமில்லாம சாத்து" என்பதுதான் காலையில் அவர் என்னிடம் பேசுகிற பேச்சு.

இந்த நிலையில்தான் நேர்த்திக்கடன் பேச்சு வந்தது. குழந்தை பிழைத்தால் மடிப்பிச்சை எடுத்து, அதில் எடைக்கு எடை செலுத்துவதாக அம்மா திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். மடிப்பிச்சை என்றால், வசதியிருந்தாலும் கைக்காசைப் போடாமல், நாலு வீட்டு வாசலில் முந்தானையை ஏந்தி வாங்கியதைத்தான் செலுத்த வேண்டும். அப்பா குறுக்கே விழுந்தார். "ராவும் பகலுமா கண்ணு முழிச்சினு இருந்தது முருகனா? அந்த நர்ஸம்மாங்கதான? அவங்களுக்குக் குடுப்போம். பஞ்சாவே குடுப்போம். அன்னிக்கு ஓடித்தான கொண்டாந்தேன், இதையும் ஓடியே கொண்டுபோறேன்."

அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சம்மதித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓட்டம் என்பது எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்த விஷயம். சோப்பு டப்பா போனது, காலை நேரம் போனது, இப்போது ஓட்டத்தையும் எடுத்து அந்த முந்திரிப்பழத்தின் கையில் கொடுக்கிறார்கள். அவனால் இன்னும் குப்புறக்கூடப் படுக்க முடியாது.

ஒரு வாரம் அம்மா தெருத் தெருவாக முந்தானை ஏந்தினாள். சேர்ந்ததற்கெல்லாம் நீலக் காகிதம் சுற்றிய மருந்துக்கடைப் பஞ்சு வாங்கி, எடை போட மெத்தைக்கடை பாயிடம் கொண்டுபோனோம். பாய் எங்கள் தெருமுனையில் மெத்தை தைக்கிறவர், அப்பாவுக்குச் சிநேகிதர். பெரிய தராசு அவரிடம்தான் இருந்தது. ஒன்றேகால் கிலோப் பஞ்சைத் தட்டில் வைத்தபோது அது தம்பியைப்போல நாலு மடங்கு பெரிதாகக் குவிந்தது. நான் சட்டென்று அடுத்த தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எனக்கும் போடுங்க."

பாய் சிரித்தார். "இன்னாம்மா நீ! உனுக்கு ஈடா பஞ்சு போட்டா மாட்டு வண்டி கட்டிகினுதான் போவணும்."

"அப்ப எனக்குக் கொஞ்சமாவது போடுங்க." இறங்க மாட்டேன் என்று தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னைத் தராசிலிருந்து இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார். அவரும் பாயும் கடைக்குள்ளேயே நின்றுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டைகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் பாய் எடையெழுதிய சீட்டு குத்தியிருந்தது. ஒன்றில் ஒன்றேகால் கிலோ, மற்றதில் தொள்ளாயிரம் கிராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அப்பா என்னை மறக்கவில்லை. மாட்டு வண்டி கட்ட முடியாததால் முடிந்த அளவுக்கு எனக்கும் ஒரு மூட்டை போட்டிருக்கிறார். ஆனால் அடுத்த நிமிஷமே மனசு கணக்குப் பார்த்தது. அவனுடையது பெரிது, என்னுடையது சிறிது. இங்கேயுமா?

அம்மா தம்பியோடு பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். நாங்கள் திருக்கழுக்குன்றம்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ஒன்பது மைல் ஓட்டம். அப்பா காக்கி டிராயரும் பனியனுமாக, இடுப்பில் மஞ்சள் துணியோடு, தோளுக்கு ஒரு மூட்டையாகத் தொங்கவிட்டு ஓடினார். பஸ் கூரையில் ஏற்றி வந்த சைக்கிளில் பாய் மணியடித்துக்கொண்டே முன்னால் போனார். நான் சைக்கிள் பாரில். ஓடுகிறேன் என்று எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை.

வயலில் நின்றவர்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு, பின்னால் போலீஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். பாய் கத்துவார்: "ஏழு மாசத்துக் கொயந்த பொயச்சதுக்கு ஓடறாரு! ஆஸ்பத்திரிக்கு எதுனா குடுங்கம்மா!" டீக்கடையில் சில்லறை கொடுத்தார்கள். ஒருத்தி ஓடிவந்து துவைத்த பழைய வேட்டி நாலு கொடுத்தாள், ஒருத்தி குழந்தை சோப்பு கொடுத்தாள். எல்லாம் தம்பிக்காக. அந்த சோப்பைப் பார்த்ததும் எனக்கு டப்பா ஞாபகம் வந்து பற்றிக்கொண்டு வந்தது.

"பாய், ரெண்டாவது மூட்ட எனக்குத்தான?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச தூரம் மணியையே அடித்துக்கொண்டு போனார். "ஆமா கண்ணு. அப்டியே வெச்சிக்கயேன்" என்றார்.

பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் அப்பா மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு மல்லாந்து படுத்தார். பாய் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுப் பக்கம் போனார். நான் இரண்டு முடிச்சுகளையும் மெல்ல அவிழ்த்தேன். தம்பி மூட்டையிலிருந்து ஒரு கை, இன்னொரு கை, என்று எடுத்து என் மூட்டையில் அமுக்கினேன். கண்ணுக்கு இரண்டும் சமமாகத் தெரிகிறவரை எடுத்தேன். அவன் வந்ததிலிருந்து என்னிடமிருந்து போனதில் இது கால்வாசிகூட இல்லை என்று தோன்றியது. திரும்ப முடிச்சுப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்துகொண்டேன்.

செங்கல்பட்டு நெருங்கும்போது அப்பாவுக்குக் கால் இழுத்துக்கொண்டது. நொண்டி நொண்டி ஓடினார். நான் சைக்கிளிலிருந்து குதித்தேன். "என் மூட்டய என்கிட்ட குடுங்க. நானே எடுத்தாறேன்."

அப்பா நின்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாயைப் பார்த்தார். பாய் தலையாட்டினார். தொள்ளாயிரம் என்று சீட்டு குத்திய மூட்டையைக் கழற்றி என் இரண்டு கைகளிலும் வைத்து, "கெட்டியா புடிச்சிக்கோ. கீழ போட்டுடாத" என்றார் அப்பா. பஞ்சு கீழே விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். கடைசி மைல். ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்பாவை முந்திக்கொண்டு நான்தான் முதலில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன்.

குழந்தைகள் வார்டு வாசலில் அம்மா தம்பியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பெரிய நர்ஸம்மா வெளியே வந்து, தம்பியை வாங்கிக் கன்னத்தைத் தட்டினார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூச்சு வாங்கியதில் வரவில்லை. நர்ஸம்மா எங்கள் மூட்டைகளைச் சிரித்தபடியே குழந்தைகளை நிறுக்கும் தராசில் வைத்தார். முதல் மூட்டை சீட்டில் இருந்ததைவிடக் குறைந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாவதை வைத்தார். சீட்டைப் படித்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. முள்ளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"தொள்ளாயிரம்னு போட்டிருக்கு. ஒரு கிலோவத் தாண்டி நிக்குதேம்மா" என்றார் மெதுவாக. "எடை ஏறியிருக்கு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அடி விழுவதற்கு முன்னால் என் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று கத்தினேன்: "நான்தான் தம்பிதுலேருந்து எடுத்துப் போட்டேன்! அவனுக்கு மட்டும் நெறைய, எனக்கு மட்டும் கொஞ்சமா? இது என்னோடது!"

அப்பா என் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தார். அடிக்கவில்லை. "ஆமாம்மா, ஒன்னுதுதான்" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அவர் முகமெல்லாம் ஈரமாக இருந்தது, ஓடி வந்த வியர்வை என்று நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில் அப்பா மடியில் நான்தான் படுத்திருந்தேன், தம்பி அல்ல. ஜெயித்துவிட்ட நிம்மதியில் மாமல்லபுரம்வரை தூங்கினேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் சித்தி வாய்தவறிச் சொன்னாள். தம்பியோடு ஒரு பெண்ணும் பிறந்தாளாம். தொள்ளாயிரம் கிராமாம். பக்கத்துப் பெட்டியில், அதே பஞ்சில், பத்தொன்பது நாள் இருந்தாளாம். ஒரு கிலோவைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாராம். தினமும் காலையில் அவளைத் தராசில் வைக்கும்போது, எடை ஏறியிருக்கு என்ற ஒரு வார்த்தைக்காக அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அந்த வார்த்தையை ஒருநாளும் அவர் சொல்லவில்லையாம்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதே தெரியாமல், கடைசி மைல் முழுக்க அவளை நான் மார்போடு பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன், என்னுடையது, என்னுடையது என்று சொல்லிக்கொண்டே.