மூன்று ஒயர்களைப் பிடித்திருந்தவர்

திருப்பதிப் பொருட்காட்சியில், விஆர் கண்ணாடி மாட்டிவிடும் கடையில் அவரைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். கண்ணாடியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் கையில் தூக்கிப் பிடித்தபடி, மாட்டியிருப்பவர் பின்னாலேயே நடப்பார்.

"ஒரே ஒயர் கிடையாதா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"பெரிய கம்பெனிங்கள்லாம் சேந்து ஒரே ஒயரு வரும்னாங்கக்கா. அத்த சொருகுற ஓட்டை வச்ச கம்ப்யூட்டரா பாத்து வாங்கினேன். அப்பாலிக்கா அவங்களே கைவிட்டுட்டாங்க. ஓட்டை சும்மாவே கீது."

கண்ணாடியை மாட்டிவிட்டார். அதற்குள் தெரிந்த உயரமான கட்டடத்தின் உச்சியில், நீட்டிய பலகைமேல் நின்றேன். ஓரடி வைத்ததும் கணுக்காலை ஏதோ சுற்றி இழுத்தது. காலை உதறினேன்.

"கதலொத்தக்கா! அசையாதீங்க, ஒயருதான். ஓடிடாதீங்க. போன வாரம் ஒருத்தரு ஓடிப்போய் இரும்புக் கம்பியில மோதிட்டாரு."

கண்ணாடியைக் கழற்றினேன். அவர் தரையில் உட்கார்ந்து என் காலிலிருந்து ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டீங்களாக்கா?"

"இல்லை" என்று பொய் சொன்னேன்.

"நான் பயந்துட்டேன். ஒவ்வொரு ஆளுக்கும் பயந்துக்கினுதான் நிக்கிறேன்."

அடுத்ததாகப் பெரிய மீசைக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஓடமாட்டீங்கல்ல சார்?" என்று ஒயர்க்காரர் அவரிடம் கெஞ்சுவதுபோலக் கேட்டார்.

மீசைக்காரர் உரக்கச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.