மழையில் தடுமாறிய முள்

விமான நிலையத்தில் அவளுக்கு ‘முள்ளக்கா’ என்று பெயர். ஓடுபாதை ஓரத்தில், தகரக் கூரை போட்ட சின்ன அறையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் அவள் பொறுப்பு. இறங்கும் விமானம் சரியான உயரத்தில் வருகிறதா, தாழ்ந்து வருகிறதா என்று விமானியின் முன்னாலிருக்கும் முள்ளுக்குச் சொல்வது அதுதான். பதினாறு வருடமாக அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள்.

அந்த மாதம் மூன்று விமானிகள் ஒரே புகாரைச் சொன்னார்கள். முள் குதிக்கிறது, தாழ்ந்து வரும்போதும் உயரமாக வருவதாகக் காட்டுகிறது. மூன்று முறையும் மழை. அவள் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மழை விட்டிருக்கும், டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கும் கண்காணிப்புப் பெட்டியில், எல்லாம் சரி என்று பச்சை விளக்கு சமர்த்தாக எரியும். ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளின் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது என்று அவளுக்குப் பட்டது. பெட்டி கேபிளுக்கு இந்தப் பக்கம் வரைதான் பார்க்கும். அந்தப் பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது.

மேலாளரிடம் போனாள். “சார், ஒரு நாள் நிறுத்திக் கொடுங்க. கேபிளை மாத்திடறேன்.”

“பச்சை எரியுதா இல்லையா?”

“எரியுது. ஆனா…”

“அப்புறம் என்னம்மா ஆனா? நிறுத்தினா மழை நாள்ல பாதி விமானம் வேற ஊருக்குத் திரும்பிப் போகும். மேல யாரு பதில் சொல்றது? குறை இல்லைன்னு எழுதி கையெழுத்துப் போடுங்க.”

அவள் சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர், “உனக்கு மேல இருக்கறவங்க பார்த்துப்பாங்க, விடு” என்றார். விட்டுவிட்டாள்.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்தரை மணிக்கு, கொட்டும் மழையில் ஒரு விமானம் ஓடுபாதைக்கு முக்கால் கிலோமீட்டர் முன்னாலேயே தரையில் மோதியது. பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். அவர்களில் விமானிகள் இரண்டு பேரும் அடக்கம்.

விசாரணைக் குழு வந்து சோதித்த அன்று நல்ல வெயில். எல்லாம் சரியாக இருந்தது. கேபிளைப் பற்றி அவள் சொன்னதைக் குழுத் தலைவர் கடைசிவரை கேட்டார். பிறகு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“இதை நம்பறதா, இப்ப சொல்றதை நம்பறதா?”

விமானிகள் கவனக்குறைவாகத் தாழ இறங்கினார்கள் என்று அறிக்கை வந்தது. அதற்குள் பராமரிப்பு என்ற பெயரில் கேபிளை மாற்றி, பழையதைக் காயலான் கடைக்குப் போட்டிருந்தார்கள்.

விசாரணையில் அவள் கேபிளைப் பற்றிச் சொன்னதைக் கேள்விப்பட்டு, ஒரு மாலை துணை விமானியின் அப்பா வீடு தேடி வந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. தப்பு என் பையன் மேலயா?”

“இல்லைங்க ஐயா. அவர் முள்ளை நம்பினார். முள்ளுதான் பொய் சொல்லிச்சு. எனக்குத் தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. “இதை எழுதித் தருவீங்களா?” என்றார்.

அன்றே நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஏழு மாதத்தில் வந்த ஒவ்வொரு பதிலும் ஒரே வரிதான்: புதிய ஆதாரம் ஏதும் இல்லை. அவளை மட்டும் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள்.

கிடங்கில் திருகாணிகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மதியம் அவர் போன் செய்தார்.

“போதும்மா. இனிமே யார்கிட்டயும் போய் நிக்க எனக்குத் தெம்பு இல்லை.”

“இன்னொரு தடவை எழுதறேங்க ஐயா. நானே எடுத்துட்டுப் போறேன்.”

“வேண்டாம்மா. அவன் அம்மா ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வாரம் சாப்பிடாம கிடக்கறா.”

அவர் போனை வைத்துவிட்டார். பிறகு எத்தனை முறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை.