கெட்டிமேளத்துக்குத் திரும்பாத கேமரா

என் அண்ணன் மகள் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் நான் செருப்புகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கை தவறி அல்ல. யோசித்து, கோணம் பார்த்துச் செய்தது.

காரணம் ஒரு பிரிட்டிஷ் இயக்குநர். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் தினமும் போய்வரும் நேரத்திலேயே அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்து முடித்திருந்தேன். ஓவியம் படித்தவர். கதை என்றால் அலர்ஜி. எல்லாரும் பார்க்கும் பக்கம் கேமராவைத் திருப்புவது அடிமைப் புத்தி என்பது அவர் கட்சி. அரண்மனை ஊர்வலத்தைப் படமெடுக்கப் போய், ஓரமாக நின்ற குதிரையின் வாலை மட்டும் எடுத்துவந்தாராம். அதற்குக் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர்; அதில் இருவர் தூங்கிவிட்டதைப் புத்தகமே ஒப்புக்கொள்கிறது. எனக்குப் புல்லரித்தது.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில். மணப்பெண்ணின் அக்கா துபாயில் நிறைமாதக் கர்ப்பிணி. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கைக்குத் தாலி கட்டுவதை வீடியோ காலிலாவது பார்த்துவிட வேண்டும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நீங்கதான் சினிமா தெரிஞ்சவிய" என்று அண்ணி போனை என்னிடம் கொடுத்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. மண்டபமே மேடையைப் பார்த்தது. நான் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளின் பக்கம் போனைத் திருப்பினேன். பேச்சு கலைக்கு இடைஞ்சல் என்பதும் அவர் கொள்கை என்பதால் சத்தத்தை முன்பே அணைத்திருந்தேன். திரையின் மூலையில் அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். கையை ஆட்டினாள். பிறகு அழுதாள். ஒரு ரசிகரை நான் அழவைத்தது அதுதான் முதல் தடவை. உற்சாகமாகி, வத்திராயிருப்புச் சம்பந்தி வீட்டார் கழற்றிப்போட்ட வார் அறுந்த செருப்பு ஒன்றை நெருக்கத்தில் காட்டினேன்.

அட்சதை விழுந்து முடிந்ததும் அண்ணி வந்து போனைப் பிடுங்கிச் சத்தத்தைத் திறந்தார்.

"மேடையக் காட்டச் சொல்லும்மா" என்றது துபாய்க் குரல்.

"கட்டியாச்சு தாயி."

பந்தியில் என் இலைக்கு மட்டும் பால்கோவா வரவில்லை.

சாயங்காலம் நானே துபாய்க்குப் போன் செய்தேன். மன்னிப்பில் ஆரம்பித்தது எப்படியோ இயக்குநரின் வாழ்க்கைக்குப் போய்விட்டது. ஓவியக் கல்லூரி, குதிரை வால், தூங்கிய இருவர் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"அந்த மனுசன அவிய ஊர்ல யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருப்பாவளா சித்தப்பா?"